கொசஸ்தலையாற்று நீர் திருப்பல்

திருவள்ளூர் மாவட்டத்தின் பெரிய ஆறான கொசஸ்தலையின் நீரை அணைகளாலும் கால்வாய்களாலும் சென்னைக் குடிநீருக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு இது. ஏறத்தாழ 136 கிலோமீட்டர் ஓடி எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும் இந்த ஆறு, வெள்ளக் காலம் போக மற்ற நாளெல்லாம் பூண்டியிலேயே தடுக்கப்பட்டுவிடுகிறது.

திருப்பல் தொடங்கியது தாமரைப்பாக்கத்தில். பொறியாளர் ஃபிரேசரின் திட்டப்படி அங்கே எழுப்பிய கல் அணைக்கட்டு ஆற்றைச் சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து புழல் ஏரிக்கும் திருப்பியது. புழலிலிருந்து திறந்த வாய்க்கால் வழியே 1872இல் சென்னைக்கு நீர் போயிற்று. பாசன ஏரிகள் நகரத்தின் ஏரிகளாக மாறியது அப்போதுதான். இன்றைய திட்டங்கள் அனைத்துக்கும் இதுவே அடித்தளம்.

நகரம் பெருகவே அந்த நீர் போதவில்லை. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியால் பூண்டியில் ஆற்றின் குறுக்கே அணை கட்ட 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1944இல் அணை திறக்கப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை, 1943இலேயே காலமாகியிருந்தார். நீர்த்தேக்கம் அவர் பெயரால் சத்தியமூர்த்தி சாகர் எனப்படுகிறது. கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி.

பூண்டி நீரும் போதாமல் போகவே, ஆந்திரம் வழியாகக் கிருஷ்ணா ஆற்று நீரைக் கொண்டுவரும் தெலுங்கு கங்கை ஒப்பந்தம் 1983இல் கையெழுத்தானது. கிருஷ்ணா நீரில் ஆண்டுக்கு 12 டி.எம்.சி. (12,000 மில்லியன் கன அடி) தமிழக எல்லையில் தரப்பட வேண்டும். ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து வரும் கால்வாய் ஊத்துக்கோட்டை அருகே எல்லையைக் கடந்து, மேலும் 25 கிலோமீட்டர் ஓடிப் பூண்டியில் சேர்கிறது. முதல் நீர் வந்தது 1996இல். கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இரண்டு ஏரிகளை இணைத்து அமைத்த கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும் (500 மில்லியன் கன அடி, 2020) இதே கால்வாயால் நிரம்புகிறது.

ஆற்றின் கீழ்ப்பகுதி ஊர்கள் பட்ட பாடு இந்தக் கணக்கில் வருவதில்லை. வறண்ட காலத்தில் ஆற்றில் நீரில்லை; பூண்டி உபரிநீரைத் திறந்தால் மணலி புதுநகர் போன்ற இடங்களில் வெள்ளம். நகரத்துக்கும் ஆலைகளுக்கும் பல பத்தாண்டுகள் ஆழ்குழாய்க் கிணறுகளில் நீர் இறைத்ததால் மீஞ்சூர்ப் பகுதி நிலத்தடியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உட்புகுந்தது. ஆற்றுப்படுகையில் நீர் நின்று ஊறுவதற்கென ஒரு பங்கை ஒதுக்காதது பெரும் பிழை.

மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுப்பதற்கான ஆலை 2010இல் திறக்கப்பட்டது. அந்த நீரும் சென்னைக்கே.