பெண் என்றொரு கிளாஸ்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பரின் வீட்டு மொட்டைமாடியில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். அதில் நான் மட்டும்தான் பெண். நடுவில் தாள்கள், பென்சில்கள், நான்கு பக்கத்திலிருந்து இருபது பக்கம் வரை உள்ள பகடைகள். எனக்கு அது முதல் ஆட்டம். "உங்களுக்கு என்ன கேரக்டர் வேணும்?" என்று கேட்டார்கள். வாளெடுத்து முன்னால் நின்று சண்டை போடுகிறவள் வேண்டும் என்றேன். ஆட்டத்தை நடத்தியவர் சிரித்துக்கொண்டே, "ஹீலர் எடுத்துக்கோங்க, உங்களுக்கு அதுதான் செட் ஆகும்" என்றார்.

அவர் கெட்ட மனிதரல்ல. இன்றும் நண்பர்தான். அவர் மடியிலிருந்த விதிப்புத்தகத்தைப் பிறகு நான் முழுக்கப் படித்தேன். பெண்கள் காயத்துக்கு மருந்து போடத்தான் லாயக்கு என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அப்படியானால் அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் போனபோதுதான் பழைய ஆட்டப் பத்திரிகைகள் கண்ணில் பட்டன.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து டி.எஸ்.ஆர். என்ற சிறு நிறுவனம் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். முதல் பதிப்பு 1,000 பிரதிகள். பலகையோ காய்களோ கட்டாயமில்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் வாளை உருவுகிறேன்" என்று வாயால் சொல்லி ஆடுவார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு 'கிளாஸ்' உண்டு. இது நாம் பேசும் வர்க்கமல்ல, கிட்டத்தட்டத் தொழில். முதல் விதிகளில் மூன்றே கிளாஸ்கள்: போர்வீரன், மந்திரவாதி, பூசாரி. அவை இருந்த முதல் சிறுபுத்தகத்தின் பெயர் 'மென் அண்ட் மேஜிக்', அதாவது ஆண்களும் மந்திரமும். போர்வீரனுக்கு ஆங்கிலத்தில் வைத்த சொல்லிலேயே ஆண் இருந்தான். உடல்வலு, அறிவு, ஞானம், தாங்குதிறன், லாவகம், வசீகரம் என்று ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறுபக்கப் பகடை மூன்றை உருட்டிக் கூட்டிக்கொள்ள வேண்டும். 3 முதல் 18 வரை எதுவும் விழலாம்.

மூன்று கிளாஸ்கள் யாருக்கும் போதவில்லை. பத்திரிகைகள் அந்த இடத்தில்தான் நுழைந்தன. டி.எஸ்.ஆர். 1975இல் 'தி ஸ்ட்ரேட்டஜிக் ரிவ்யூ' என்ற செய்திமடலைத் தொடங்கியது. 1976 ஜூனில் அதன் இடத்தில் 'தி டிராகன்' வந்தது. வாசகர்கள் தாங்களே புதிய கிளாஸ்களை எழுதி அனுப்பினார்கள். காட்டில் தடம் பார்த்துப் போகும் ரேஞ்சர் 1975இல் வந்தான். மாயத்தோற்றம் காட்டும் இல்யூஷனிஸ்ட் அதே ஆண்டு வந்தான். பாடிக்கொண்டே போரிடும் பார்ட் 1976இல் வந்தான். வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விருப்பத் தெரிவாகத்தான் இவை அச்சாயின. 1978இல் வந்த 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' என்ற விதிநூலில் மூவருமே அதிகாரபூர்வமாக இடம்பெற்றார்கள். பத்திரிகையின் 'விருப்பம்' நாளைய விதிக்கு நாற்றங்கால் என்பதை இதற்காகத்தான் விளக்கினேன். அங்கே விதைத்தது வயலுக்குப் போகும்.

1976 அக்டோபரில் வந்த மூன்றாவது 'டிராகன்' இதழில் பெண்களுக்கும் ஒரு விருப்பத் தெரிவு வந்தது. எழுதியவர் லென் லகோஃப்கா. தலைப்பு, முதல் சிறுபுத்தகத்தின் பெயரைத் திருப்பிப் போட்டது: பெண்களும் மந்திரமும் பற்றிய குறிப்புகள். நோக்கம் நல்லதுதான் என்று கட்டுரையே சொல்கிறது. பெண் ஆட்டக்காரர்களை உள்ளே அழைத்து வருவதுதான் நோக்கம். மந்திரத்தில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக உயரலாம், திருட்டுக் கலையில் சில வகையில் மிஞ்சலாம், சண்டையில் மட்டும் பின்தங்குவார்கள் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கை நான் தாளில் போட்டுப் பார்த்தேன். பெண் பாத்திரத்தின் உடல்வலுவுக்கு மூன்று பகடை கிடையாது. எட்டுப்பக்கப் பகடை ஒன்று, ஆறுபக்கப் பகடை ஒன்று. 2 முதல் 14 வரைதான் விழும். ஆணின் சராசரி பத்தரை. பெண்ணின் சராசரி 8. அன்றைய அடிப்படை விதியோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். உடல்வலு 15 அல்லது அதற்கு மேல் உள்ள போர்வீரனுக்கு, சம்பாதிக்கும் அனுபவப் புள்ளிகளில் பத்து சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பத்து சதவீதமோ அதற்கு மேலோ பிடித்தம். ஆண்களில் நூற்றுக்கு ஒன்பது பேர் 15ஐத் தொடுவார்கள். பெண்களில் ஒருத்திகூட முடியாது. பிடித்தத்தில் சிக்கும் ஆண்கள் நூற்றுக்கு 26. பெண்கள் 56.

இருவரும் ஒரே டிராகனைக் கொல்கிறார்கள். கூலி அவளுக்குக் குறைவு. இதைப் படிக்கும் பெண்கள் யாருக்கும் இந்தக் கணக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இழந்ததற்கு ஈடாக அவளுக்கு ஒன்று தரப்பட்டது. வசீகரம் என்ற குணத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'அழகு' வைக்கப்பட்டது. அதற்குப் பத்துப்பக்கப் பகடை இரண்டு. 20 வரை போகலாம். அந்த அழகைக் கொண்டு மயக்குவதற்கென்றும், ஆண்களை வசியம் செய்வதற்கென்றும் தனி மந்திரங்கள். அசல் விதியில் வசீகரம் என்பது தலைமைப் பண்பு. எத்தனை கூலிவீரர்கள் உங்கள் பின்னால் வருவார்கள், எவ்வளவு விசுவாசமாக இருப்பார்கள் என்பதை அது முடிவு செய்தது. லேசாகத் தெரியும் அந்த மாற்றத்தில் பெண்ணிடமிருந்து போனது தலைமை, வந்தது முகம்.

அந்தப் பத்திரிகைகளை அடுத்தடுத்துப் புரட்டியபோது ஒரு வரிசை புலப்பட்டது. ரேஞ்சர், பார்ட், பிறகு 1982இல் பார்பேரியன், 1983இல் கவாலியர் எனப் புதிய கிளாஸ்கள் எல்லாமே ஏதோ ஒரு வேலையின் பெயர், ஒரு வாழ்க்கை முறையின் பெயர். பெண்ணுக்கென்று எழுதப்பட்டபோது மட்டும் அவள் உடலே கிளாஸாகிவிட்டது. 1979இல் 'ஒயிட் ட்வார்ஃப்' என்ற பிரிட்டிஷ் பத்திரிகை 'ஹூரி' என்ற கிளாஸை வெளியிட்டது. பெண்கள் மட்டுமே ஆகக்கூடிய அதன் வல்லமை மயக்குவது. 'டிராகன்' இதழில் சூனியக்காரி 1978, 1980, 1986 என்று திரும்பத் திரும்ப வந்தாள். 1980இலும் 1986இலும் அவள்மேல் ஒரு முத்திரை இருந்தது: ஆட்டத்தை நடத்துபவர் கையாள மட்டும், ஆடுபவர்கள் எடுக்கக் கூடாது. வேறு சில கிளாஸ்களுக்கும் அந்த முத்திரை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும், பெண் பெயரிலேயே உள்ள கிளாஸ் கதவுவரை வந்து வெளியிலேயே நிறுத்தப்பட்டதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அழைத்து வர வேண்டிய நிலையில் பெண்கள் வெளியே நின்றார்களா? அதுவும் இல்லை. கைகாக்ஸ் தன் முதல் நிலவறையை வீட்டில் சோதித்துப் பார்த்தபோது ஆடியவர்கள் அவருடைய மகனும் மகளும். லாஸ் ஏஞ்சல்ஸில் லீ கோல்ட் என்ற பெண் 1975 ஜூனிலேயே 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற தொகுப்பிதழைத் தொடங்கிவிட்டார். ஆட்டக்காரர்கள் தாங்களே எழுதி அனுப்பும் பக்கங்களைச் சேர்த்துப் பல பத்தாண்டுகள் நடத்தினார். 'டிராகன்' பிறப்பதற்கு ஓராண்டு முன்பே ஒரு பெண் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

1978 விதிநூலில் அழகு என்ற குணம் வரவில்லை. ஆனால் உடல்வலு உச்சவரம்பு வந்தது. அசாதாரண வலுவுள்ள ஆண் போர்வீரன் 18க்கு மேலும் நூறு படிகள் ஏறலாம். பெண் ஐம்பதோடு நிற்க வேண்டும். எல்ஃப் இனப் பெண்ணுக்கு 16. குள்ள உருவமுள்ள ஹாஃப்லிங் இனப் பெண்ணுக்கு 14. இதற்குச் சொல்லப்படும் நியாயம் எப்போதும் ஒன்றுதான்: யதார்த்தம். நெருப்பு கக்கும் டிராகனை ஒப்புக்கொள்கிறோம். செத்தவர் எழுந்து நடப்பதை ஒப்புக்கொள்கிறோம். ஒரு பெண் கை ஓங்கி வெட்டும் இடம் வந்தவுடன் எல்லோருக்கும் உடற்கூறியல் நினைவுக்கு வந்துவிடுகிறது.

ஜீன் வெல்ஸ் 1979இல் டி.எஸ்.ஆரில் சேர்ந்தார். வடிவமைப்புப் பிரிவின் முதல் பெண் அவர். 'டிராகன்' இதழில் விதிச் சந்தேகங்களுக்குப் பதில் எழுதும் பகுதி அவரிடம் வந்தது. பெண் ஆட்டக்காரர்களின் கடிதங்களும் வந்தன. 1980 ஜூலையில் 39ஆவது இதழில், கிம் மோகனோடு சேர்ந்து, பெண்கள் சமத்துவம் கேட்கிறார்கள், ஏன் கேட்கக் கூடாது என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். உடன் ஆடும் ஆண்கள் நடத்தும் விதம், பெண் உருவப் பொம்மைகள் அரைகுறை ஆடையில்தான் கிடைப்பது என்று கடிதங்களில் வந்த குறைகள் அச்சேறின. அதே இதழில் 'ஆன்டி பாலடின்' என்ற புதிய கிளாஸும் இருந்தது. தீமையே தொழிலான மாவீரன் அவன். அவனுக்குப் பக்கங்கள் ஒதுக்கியபோது யாரும் யதார்த்தம் கேட்டிருக்க மாட்டார்கள்.

வெல்ஸ் எழுதிய 'பேலஸ் ஆஃப் தி சில்வர் பிரின்சஸ்' என்ற சாகசப் புத்தகம் 1981இல் அச்சான சூட்டோடு திரும்பப் பெறப்பட்டது. படங்கள் குறித்த ஆட்சேபம் அதற்கு ஒரு காரணம். டாம் மோல்ட்வே அதை மாற்றி எழுதி, இருவர் பெயரிலும் வெளிவந்தது. வெல்ஸ் 2012இல் காலமானார். ஆட்ட வரலாற்றில் அவர் பெயர் பெரும்பாலும் அந்தத் திரும்பப் பெறப்பட்ட புத்தகத்தோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. எனக்கு அவர் 39ஆவது இதழ்க்காரர்.

1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் பெண்ணின் உடல்வலு வரம்பு நீக்கப்பட்டது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு மாதிரிப் பாத்திரம் இருந்தது. அதன் பாலைப் பின்பற்றியே விதியின் வாக்கியங்கள் எழுதப்பட்டன. பாலடின் என்ற அறப்போர் வீரருக்கு மாதிரி அல்ஹாண்ட்ரா என்ற பெண். அதனால் பாலடினைப் பற்றிய விதி முழுக்க 'அவள்' என்றே போகிறது: அவள் வாளெடுக்கிறாள், அவள் சபதம் காக்கிறாள். 1974இல் போர்வீரனின் பெயரிலேயே ஆண் இருந்தான் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் அந்தச் சிறு சொல்லின் எடை தெரியும்.

ஆனால் விதி மாறிய வேகத்தில் மேசை மாறுவதில்லை. நீக்கப்பட்ட ஒரு விதி, அதைப் படித்தே இராத ஒருவரின் வாயிலிருந்து, இன்னொரு நாட்டில், அன்பான ஆலோசனையாக வெளியே வருகிறது. என் நண்பர் பிறப்பதற்கு முன்பே அச்சான பக்கம் அது. 'ஹீலர் எடுத்துக்கோங்க' என்று அவர் சொன்னபோது, தான் விதி சொல்வதாக அவர் நினைக்கவில்லை. எனக்கு ஒரு விருப்பம் தருவதாகத்தான் நினைத்தார்.

அன்று நான் ஹீலரைத்தான் எடுத்தேன். நான்கு மணி நேரம் மற்றவர்களின் காயங்களை ஆற்றினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுத்தாள் எடுத்து மேலே பாலடின் என்று எழுதினேன். மூன்று பகடை உருட்டினேன். உடல்வலு 9 விழுந்தது. மேசையில் யாரோ, "மாத்தி உருட்டுங்க, பாவம்" என்றார்கள். வேண்டாம் என்று அந்த ஒன்பதையே எழுதிக்கொண்டேன். அது பகடை தந்த ஒன்பது. நான் பெண் என்பதற்காக யாரும் குறைத்துத் தந்ததல்ல.