தகடு பிடிக்கும், எலும்பு பிடிக்குமா?

தோள்மூட்டை ஒட்டி மேற்கை எலும்பு முறிந்தால் தகடு வைத்துத் திருகாணி முடுக்குகிறார்கள். இந்தச் சிகிச்சையின் வரலாறு உலோகம் மேம்பட்டுவந்த கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. 1886இல் ஹாம்பர்க்கின் கார்ல் ஹான்ஸ்மன் எலும்புத் தகட்டைப் பற்றி எழுதினார்; பிறகு கழற்ற வசதியாக அதன் ஒரு முனை தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 1958இல் மாரிஸ் முல்லரும் தோழர்களும் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் ஏ.ஓ. குழுவைத் தொடங்கி, தகடு பொருத்துவதற்கு முறையான இலக்கணம் வகுத்தார்கள். 2000க்குப் பிறகு பூட்டுத்தகடு பரவியது. இந்த வரிசையில் பிழையில்லை. ஆனால் தோளைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது ஒவ்வொரு முறையும் எலும்பின் நிலைதான். தகட்டின் தரம் அதற்கு அடுத்தபடியே.

இந்த எலும்பின் மேல்முனை நான்கு துண்டுகளாகப் பிரிகிறது என்பதை 1934இலேயே எர்னஸ்ட் காட்மன் காட்டியிருந்தார். 1970இல் சார்ல்ஸ் நீர் அதற்கு அளவு வைத்தார்: ஒரு துண்டு 1 சென்டிமீட்டர் விலகினாலோ 45 பாகை சாய்ந்தாலோதான் அது இடம் பெயர்ந்ததாகக் கணக்கு. துண்டுகள் கூடக்கூட எலும்பின் தலைக்குப் போகும் இரத்தம் குறையும் என்பதால் இந்தக் கணக்கு முக்கியமாயிற்று. முதியவர்களுக்கு அந்தத் தலை உள்ளே பொள்ளலாகவும் இருக்கும். பழைய திருகாணிகள் அதில் பிடிப்பின்றிக் கழன்றன. பூட்டுத்தகட்டில் திருகாணியின் தலை தகட்டின் மரைக்குள்ளேயே இறுகுவதால் கழல்வது குறைந்தது. ஆனால் தகடு அசையாமல் நிற்க, எலும்பு அமிழ்ந்தது. திருகாணி முனை தலையைத் துளைத்து மூட்டுக்குழியை அராவியது. உலோகத்தின் உறுதியே இங்கே கேடாக முடிந்தது.

2015இல் வெளியான பிரிட்டனின் புரொஃபர் ஆய்வு, இடம் பெயர்ந்த முறிவுள்ள 250 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு அறுவை, பெரும்பாலும் பூட்டுத்தகடு. மறுபாதிக்குக் கையைக் கழுத்துக்கட்டில் தொங்கவிட்டு, பின்னர் பயிற்சி. இரண்டு ஆண்டுகள் கழித்தும் கையின் பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அறுவை கட்டாயம் தேவை என்று தோன்றியவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லையே என்று அறுவை மருத்துவர்கள் மறுத்தார்கள். நியாயமான மறுப்புதான்: மூட்டு நழுவி முறிந்தவரையும் கெட்டியான எலும்புள்ள இளைஞரையும் பற்றி இந்த ஆய்வை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் யாருக்குத் தகடு என்பதை முறிவின் தன்மையும் எலும்பின் வலுவும் பார்த்தே முடிவு செய்யவேண்டும் என்பதை அந்த மறுப்பே ஒப்புக்கொள்கிறது. நான்கு துண்டாக நொறுங்கிய முதியவரின் தோளுக்கு இன்று பல மருத்துவர்கள் தலையை ஒட்டவைக்க முயல்வதில்லை. 1980களில் பிரான்சின் பால் கிராமோன் வேறொரு தோள்நோய்க்காக வடிவமைத்த தலைகீழ் செயற்கை மூட்டைப் பொருத்துகிறார்கள்.