கொழுப்பேறிய கைகள்: வேட்டைப் பூட்ஸ் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

வேட்டைக்காரனின் துப்பாக்கிக்கு வரலாறு இருக்கிறது. அவனுடைய நாய்களுக்கும் குதிரைக்கும் வம்சாவளி எழுதி வைத்திருக்கிறார்கள். சுட்டு வீழ்த்திய மிருகத்தின் கொம்பு எத்தனை அங்குலம் என்று அளந்து அச்சடித்த பதிவேட்டை லண்டனில் ரோலண்ட் வார்ட் 1892இலேயே வெளியிட்டார். அதே ஆண்டில்தான் ஜெனரல் டக்ளஸ் ஹாமில்டனின் தென்னிந்திய வேட்டைப் பதிவுகளும் வந்தன. ஆனைமலை, நீலகிரி, பழனி மலை என்று நமது மலைகளின் வேட்டைதான் அதன் விஷயம். இந்த வகை எழுத்தை நான் வாசித்த மட்டில், நாள் முழுக்க ஈரத்தில் அலைந்து திரும்பியவன் கழற்றிப் போட்ட பூட்ஸ் எப்படிக் காய்ந்து, மிருதுவாகி, மறுபடி காலுக்கு வந்தது என்பது ஒரு வாக்கியத்துக்குரிய விஷயமாகக்கூட இருப்பதில்லை. விடுபட்டுப்போன அந்த இடத்தைத்தான் இங்கே கொஞ்சம் கிளறிப் பார்க்க விரும்புகிறேன்.

நீலகிரியில் ஆங்கில அதிகாரிகள் நாய்க்கூட்டத்தோடு குதிரையேறி வேட்டையாடத் தொடங்கியது 1830களில். இங்கிலாந்தில் துரத்திய செந்நரி இங்கே கிடையாது. அதனால் நம்மூர் நரியைத் துரத்தினார்கள். 1877இல் வேட்டைச் சங்கம், 1879இல் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் சட்டம், உரிமம், பருவத் தடை. காட்டில் காலங்காலமாக வேட்டையாடி வந்தவன் ஒரே கையெழுத்தில் 'திருட்டு வேட்டைக்காரன்' ஆனான். இதெல்லாம் ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. மலையின் ஈரம் எழுதப்படவில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் தொடுகிற மலை அது. அங்கே மூலையில் போட்ட தோல் சாமான் சில நாட்களிலேயே பூசணம் பூத்துவிடும்.

தோல் என்பது நார்களின் பின்னல். மரப்பட்டையில் ஊறிப் பதப்பட்ட தோலிலும் நாருக்கும் நாருக்கும் இடையே சந்து இருக்கும். தண்ணீர் புகுவது அந்த வழியாகத்தான். நனைவதும் காய்வதுமாகவே இருந்தால் உள்ளே இருக்கிற எண்ணெய்ப் பசை போய்விடும். நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தோல் விறைத்து வெடிக்கும். ஆகவே தண்ணீர் வருவதற்கு முன்னால் அந்தச் சந்தில் கொழுப்பு போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் இதற்கு 'டப்பின்' என்று பெயர்: மாட்டுக் கொழுப்பும் காட் மீன் எண்ணெயும் கலந்த களிம்பு. மாட்டின் கால் எலும்பையும் பாதத்தையும் கொதிக்கவைத்து எடுக்கிற 'நீட்ஸ்ஃபூட்' எண்ணெய் இன்னொன்று. தையலுக்குத் தேன்மெழுகு, ஏனென்றால் நல்ல பூட்ஸில் தண்ணீர் முதலில் நுழைவது ஊசி போன ஓட்டை வழியாகத்தான். நாக்குத் தோலை இரண்டு பக்கமும் மடிப்பு வைத்துத் தைத்துவிடுவதும் இதற்காகவே.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. முழுக்கக் காய்ந்த தோலில் களிம்பைப் பூசினால் அது மேலோடு நின்றுவிடும். சொட்டச் சொட்ட நனைந்ததிலும் ஏறாது. லேசான ஈரம் இருக்கும்போது பூச வேண்டும். உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகப் போகப் போக, அது விட்ட இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும். பதனிடும் பட்டறைகளில் தோலுக்குக் கொழுப்பேற்றியதும் இதே முறையில்தான். ஈரப் பூட்ஸை நெருப்புப் பக்கம் வைக்கக் கூடாது; ஈரத்தோடு சூடு பட்டால் தோல் சுருங்கிக் கருவாடாகிவிடும். உள்ளே வைக்கோலோ காகிதமோ திணித்து நிழலில் நிறுத்த வேண்டும். ஈர இரவில், லாந்தர் வெளிச்சத்தில், தோல் எப்போது 'லேசான' ஈரத்துக்கு வரும் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு யாரோ ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம். களிம்பைத் தேய்ப்பதற்கும் துணியைவிட வெறுங்கைதான் நல்லது. உடம்புச் சூட்டில் கொழுப்பு இளகும்.

குதிரையேற்ற வேட்டையின் முழங்கால் பூட்ஸுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மெருகை மான் கால் எலும்பால் அழுத்தி அழுத்தித் தேய்த்து, தோலின் கீறல்களை மட்டமாக்கி, கண்ணாடி மாதிரி ஆக்குவது. சுட்ட மானின் கொம்பு சுவருக்குப் போனது. கால் எலும்பு யார் கைக்குப் போனது?

பூட்ஸ் பராமரிப்புக் குறிப்புகளின் மொழியைக் கவனித்திருக்கிறேன். 'தடவப்பட வேண்டும்', 'உலர்த்தப்பட வேண்டும்', 'தேய்க்கப்பட வேண்டும்'. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இது செயப்பாட்டுவினை. எழுவாய் காணாமல் போவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. சென்னை மாகாணத்தில் அந்த எழுவாயை ஊகிப்பது கஷ்டமில்லை. வெள்ளைக்காரன் வீட்டில் சமையலறையிலிருந்து குதிரை லாயம் வரை வேலைக்கிருந்தவர்களில் பெரும்பகுதி பறையர் சமூகத்திலிருந்து போனவர்கள். மற்றவர்களுக்குத் தீட்டான வேலைகளில் தோலும் கொழுப்பும் முதலிடம்.

பூட்ஸ் துடைக்க ஆள் இல்லாத வேட்டைக்காரன் என்ன செய்தான்? அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லியோன் பீன் என்றொரு கடைக்காரர். 1911இல் வேட்டைக்குப் போய் நனைந்த காலோடு திரும்பியவர், அடுத்த ஆண்டு ரப்பர் அடிப்பாகத்தின் மேல் தோலைத் தைத்து ஒரு பூட்ஸ் செய்தார். வேட்டை உரிமம் வாங்கிய வெளியூர்க்காரர்களின் பட்டியலைப் பிடித்து அஞ்சலில் விளம்பரம் அனுப்பினார். முதலில் விற்ற 100 ஜோடிகளில் 90 திரும்பி வந்துவிட்டன. ரப்பரும் தோலும் தையலில் பிய்ந்துகொண்டன. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கடன் வாங்கி, மறுபடி செய்தார். அமெரிக்க முதலாளியம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் புராணங்களில் இதுவும் ஒன்று, சரி. ஆனால் எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. தன் பூட்ஸுக்குத் தானே களிம்பு தடவ வேண்டியவன், தடவுகிற வேலையையே குறைக்க வழி தேடுகிறான். விடிய விடியத் தடவ ஆள் இருக்கிற இடத்தில் அந்த யோசனை என்னத்துக்கு வரப்போகிறது? தொழில்நுட்பம் எங்கே மாறுகிறது, எங்கே மாறாமல் கிடக்கிறது என்பதில் கூலிக்கும் சாதிக்கும் உள்ள பங்கை நாம் போதுமான அளவு பேசவில்லை.

வெள்ளைக்காரன் மட்டும் மறந்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. புறநானூற்றின் 82ஆம் பாட்டில் ஊரில் திருவிழா; மனைவிக்குப் பிரசவ நேரம்; மழை பெய்கிறது; பொழுது சாய்கிறது; கட்டில் கட்டும் ஒருவன் கையில் தோல்வாரை இழுத்தபடி ஊசி ஓடுகிறது. சாத்தந்தையார் இவ்வளவையும் கொண்டுவந்தது போரின் வேகத்துக்கு உவமை சொல்ல. வேகம் தலைவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கை வைத்திருந்தவனுக்கு மிஞ்சியது 'இழிசினன்' என்ற பெயர். அந்தக் குழந்தை பிறந்ததா என்று எந்த உரையாசிரியரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தோலும் கொழுப்பும் நமது 'தேசிய' வரலாற்றுக்குள் வராமல் இல்லை. இரண்டு முறை தடபுடலாக வந்திருக்கின்றன. 1806 ஜூலை 10 வேலூர்க் கலகத்தின் காரணங்களில் ஒன்று, புதிய தலைப்பாகையில் வைத்த தோல் சின்னம். பசுவின் தோலோ பன்றியின் தோலோ என்ற சந்தேகம் இந்துச் சிப்பாயையும் முஸ்லிம் சிப்பாயையும் ஒருசேரக் கொதிக்க வைத்தது. 1857இல் என்ஃபீல்டு தோட்டாவின் மேல் தடவிய கொழுப்பு. அந்த ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் நடந்ததாகப் பதிவான ஒரு சம்பவம் உண்டு. 'கீழ்சாதி'க் கலாசி ஒருவன் பிராமணச் சிப்பாயிடம் அவனது லோட்டாவிலிருந்து குடிக்கத் தண்ணீர் கேட்கிறான். சாதியைக் காரணம் காட்டிச் சிப்பாய் மறுக்கிறான். மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைக் கடிக்கப் போகிற உனக்கு இனி என்ன சாதி என்று கேட்டுவிடுகிறான் கலாசி. சேதி ஊர் ஊராகப் பரவுகிறது. நமது பாடப்புத்தகங்கள் இதில் கொழுப்பை எடுத்துக்கொண்டன, தண்ணீரை விட்டுவிட்டன. தலைக்கு வந்த தோலுக்கும் வாய்க்கு வந்த கொழுப்புக்கும் கலகம் உண்டு. அதே கொழுப்பில் வாழ்நாளெல்லாம் கை ஊறியவர்களைப் பற்றி ஒரு அடிக்குறிப்பு கிடையாது.

சென்னை மாகாணத்துக்கும் இங்கிலாந்தின் பூட்ஸுக்கும் உறவு இன்னும் நெருக்கமானது. ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காய் நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி அனுப்பிய மாட்டுத் தோல் லண்டன் ஏலத்தில் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் விலைபோனது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, திண்டுக்கல், திருச்சி. முதலாளிகளில் முஸ்லிம் வணிகர்கள் அதிகம். குழிக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித்துகள். நாற்றமும் சுண்ணாம்பும் இங்கே. கடைசிக் கொழுப்பேற்றலும் மெருகும் லாபமும் அங்கே. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்கு இந்தத் தோல் வேண்டியிருந்தது, அரசே நேரடியாக வாங்கியது. பிரான்சின் சேற்றுக் குழிகளில் நின்ற கால்களுக்கு மேல் ஆவாரம்பட்டை இருந்தது என்பது நமது போர் நினைவுச் சின்னங்களில் இல்லாத செய்தி.

1903இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைப் பள்ளியில் குரோம் பதனீட்டைச் சோதித்துப் பார்த்தார். அவர் மனதில் முதலில் இருந்தது பூட்ஸ் அல்ல, கமலை. கிணற்றுத் தண்ணீரில் ஓயாமல் முங்கி எழும் தோலில் பட்டைச் சாரம் கரைந்துபோக, தோல் சீக்கிரம் அழுகிவிடும். குரோம் அப்படிக் கரையாது. (குரோம்பேட்டை என்ற பெயர் பின்னால் அங்கே வந்த குரோம் தோல் ஆலையால் ஏற்பட்டது, அதே குரோமியம் பாலாற்றை என்ன செய்தது என்பது தனியாக எழுத வேண்டிய கதை.) கமலைக் கூனையின் தோல்வாலை வெட்டித் தைத்ததும், வெடிக்காமல் எண்ணெய் போட்டுப் பழக்கியதும் ஊரின் தோல் தொழிலாளி. அந்த வால் வழியாகக் கொட்டிய தண்ணீரில் குளித்தார்கள், அதையே அள்ளிக் குடித்தார்கள். யாருக்கும் தீட்டுப் படவில்லை. தைத்தவன் கிணற்றில் இறங்கினால்தான் தீட்டு.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஹட்டன் தமது சாதி பற்றிய நூலில் அவற்றை வரிசையாகத் தந்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி கூடாது. சட்டை கூடாது. கிராப்பு கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூச்சூடக் கூடாது. எட்டாவது தடை: வெயிலானாலும் மழையானாலும் ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பு போடக் கூடாது. மீறிய இடங்களில் குடிசைகளைக் கொளுத்தினார்கள். 1931 ஜூனில் அந்த எட்டுத் தடைகள் பதினொன்றாயின.