ஆர்கேட் பயரின் ‘பியூனரல்’

கனடாவின் மொன்றியல் நகரைச் சேர்ந்த ஆர்கேட் பயர் குழுவின் முதலாவது முழு இசைத்தொகுப்பு இது. மேர்ஜ் என்ற சுயாதீன நிறுவனம் 2004 செப்டெம்பரில் வெளியிட்டது. ஒலிப்பதிவுக் காலத்தில் குழுவினர் பலரது உறவினர்கள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அதனாலேயே ‘மரணச்சடங்கு’ என்ற இந்தப் பெயர். ஆனால் ஒப்பாரியை எதிர்பார்த்துக் கேட்பவருக்கு, வயலினும் அக்கோர்டியனும் சேர முழுக்குழுவும் உரத்துப் பாடுவதே கேட்கும். விமர்சகர்களை அது கவர்ந்தது. பிட்ச்போர்க் பத்துக்கு 9.7 புள்ளிகள் வழங்கியது. கிராமி பரிந்துரையும் கிடைத்தது.

எம்மை நிறுத்திவைப்பது ‘ஹெய்ட்டி’ என்ற பாடல். பாடகி றெஜீன் ஷசானின் பெற்றோர் டுவாலியே சர்வாதிகாரக் காலத்தில் ஹெய்ட்டியை விட்டு வெளியேறியவர்கள். அவரோ கனடாவில் பிறந்தவர். அங்கு கொல்லப்பட்ட உறவுகளை பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து பாடுகிறார். மெட்டு மட்டும் கடற்காற்றுப்போல இலேசாக இருக்கிறது.