அணைக்க முடிகிற வலி

போன மாதம் பேரன் வந்தபோது வலது கை நடுவிரலில் கட்டு. கல்லூரியில் ரோபோ குழுவில் இருக்கிறான். போட்டிக்கு முந்தின இரவு சங்கிலி கழன்றுவிட்டதென்று கையை உள்ளே விட்டிருக்கிறான். நண்பன் தெரியாமல் ரிமோட்டைத் தொட்டுவிட்டான். நல்லவேளை, நகத்தோடு போயிற்று.

"நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் கிடையாதா?" என்று கேட்டேன்.

"இருக்கு தாத்தா. அடிக்கடி கை பட்டு நின்னு போகுதுன்னு அதுக்கு வர ஒயரை நேரா இணைச்சுட்டோம்."

ஆசிய பசிபிக் நாட்டு மாணவர்களுக்கான ரோபோகான் போட்டி 2002-ல் டோக்கியோவில் தொடங்கியது. 2008-லும் 2014-லும் நம் புனேயில் நடந்தது. ஹெல்மெட், கண்ணாடி, ரப்பர் அடி வைத்த செருப்பில்லாமல் களத்தில் இறங்கக் கூடாது; ரோபோவில் அவசர நிறுத்தப் பொத்தான் கட்டாயம். ஆனால் விதி இருப்பது களத்தில்தான். விரல் போவது முந்தின இரவில், தூக்கம் கெட்ட பட்டறையில்.

தொழிற்சாலைகளின் கதையும் இதுதான். 1981-ல் ஜப்பானில் ஒரு தொழிலாளி, ரோபோவை முழுதும் நிறுத்தாமல் பழுது பார்க்கப் போய் அதன் கையில் சிக்கி இறந்தார். 2015-ல் ஹரியானாவின் மானேசரிலும் ஒரு தொழிலாளி ரோபோவால் உயிரிழந்தார்.

இதைக் கேட்டதும் எனக்கு நம் பக்கத்து பாகாயம் நினைவுக்கு வந்தது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தியவர் அவர். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டும் சுட்டும் தேய்ந்து போகின்றன என்று கண்டுகொண்டார். குணமானவர்களுக்குத் தச்சு வேலை பழக்கியபோது, கருவியைப் பிடிக்கும் விதத்தையும் தினமும் கையைப் பார்த்துக்கொள்ளும் வழக்கத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்.

1966-ல் அமெரிக்காவுக்குப் போன பிறகு செயற்கை வலி செய்து பார்த்தார். கையுறையில் உணர்கருவி, அதிகம் அழுத்தினால் காதில் ஒலி. நோயாளிகள் சட்டை செய்யவில்லை. பிறகு மின்அதிர்ச்சி வைத்தார். அவர்கள் ஆபத்தான வேலைக்கு முன் அதை அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடி போட்டுக்கொண்டார்கள். முயற்சியைக் கைவிட்டார். நாம் நினைத்தபோது அணைக்க முடியாததனால்தான் வலி நம்மைக் காக்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

பேரனும் அவன் நண்பர்களும் செய்ததும் அதே காரியம்தான். இயந்திரத்துக்கு வலி தெரியாது. அதற்காக நாம் வைத்த வலிதான் அந்தச் சிவப்புப் பொத்தான். அதையும் அணைத்துவிட்டார்கள்.

நான் அதிகம் பேசவில்லை. இந்தக் கதையைச் சொன்னேன், அவ்வளவுதான். ஊருக்குக் கிளம்பும்போது அவனே சொன்னான்:

"போனதும் அந்த ஒயரைப் பழையபடி மாத்திடறேன் தாத்தா. கை படாத மாதிரி பொத்தானைச் சுத்தி ஒரு வளையம் வெச்சா போதும்."

முதலிலேயே அதைச் செய்திருக்கலாம். பதினைந்து நிமிட வேலை.