பொது ஒருங்கிணைந்த நிறுவன வரி அடிப்படை

ஐரோப்பிய ஆணையம் 2011 மார்ச்சில் முன்வைத்த திட்டம். பல நாடுகளில் இயங்கும் குழுமம் தன் லாபத்தை ஒரே விதிப்படி கணக்கிடும். அது தொழிலாளர், சொத்து, விற்பனை அளவுக்கேற்ப நாடுகளுக்குப் பிரியும். வரி விகிதம் அந்தந்த நாட்டின் கையில். சிக்கல் பங்கீட்டில்தான்: விற்பனைக்கு எடை தருவதால் பெரிய சந்தைகளுக்கு ஆதாயம்; 12.5 விழுக்காட்டு வரியால் பன்னாட்டு நிறுவனங்களை ஈர்த்த அயர்லாந்து இழப்புக்கு அஞ்சியது. வரி விவகாரத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் அனைத்தின் இசைவும் வேண்டும்; ஒன்று மறுத்தாலே முடங்கும். 2016இல் திருத்தியும் தேறவில்லை. 2023இல் ‘பிஃபிட்’ (BEFIT) என்ற ஆணையத்தின் புதிய முன்மொழிவு அதன் இடத்துக்கு வந்தது. வியப்பு என்னவென்றால், ஆணையம் தொடாமல் விட்ட விகிதத்தில்தான் இணக்கம் வந்தது: 75 கோடி யூரோவோ அதற்கு மேலோ வருவாயுள்ள குழுமங்களுக்குக் குறைந்தது 15 விழுக்காடு என்ற நெறிமுறை 2022 டிசம்பரில் ஏற்கப்பட்டது. அயர்லாந்தும் 2024 முதல் அதை நடைமுறைப்படுத்துகிறது.