தொண்டி, பாசி, மணமேல்குடி: எரிந்த கரை

ஈசிஆர் என்றால் நம்ம ஆட்களுக்கு மகாபலிபுரத்தோட ரோடு முடிஞ்சு போச்சு. நீச்சல் குளம், புல்வெளி, ரிசார்ட், கையில் ஒரு கோல்ஃப் மட்டை. ஆனால் அதே கடற்கரை ரோடு நாகப்பட்டினம், முத்துப்பேட்டை, மணமேல்குடி எல்லாம் தாண்டி மீமிசல் வழியா தொண்டிக்குப் போகுது. அங்கே போய் கோல்ஃப் எல்லாம் கேட்கப்படாது :-) (கேட்டே ஆகணும்னா கடலைத் தாண்டணும். திருகோணமலை சீனன்குடாவில் இலங்கை விமானப்படை நடத்துகிற கோல்ஃப் மைதானம் இருக்கு.) மீமிசலில் இருப்பது உப்பளம், இறால் பண்ணை, கல்யாணராமர் கோவில், அலையே இல்லாத ஒரு கடல். சாதாரண ரூம் ஒண்ணு போட்டு ரெண்டு நாள் தங்கினேன்.

ஏன் மீமிசல்? வடக்கே கொஞ்ச தூரத்தில் மணமேல்குடி. தெற்கே போனால் பாசிப்பட்டினம், அதை அடுத்து தொண்டி. இந்த மூணு பேரும் ஒரே போரில் வருது. நடுவில் உட்கார்ந்துக்கிட்டா ரெண்டு பக்கமும் போய்ப் பார்க்கலாம்.

தொண்டி பாண்டியர் துறைமுகம். சேரருக்கும் மேற்குக் கரையில் ஒரு தொண்டி உண்டு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்க வேண்டாம். நான் சொல்ல வந்தது சங்க காலம் இல்லை, 1160களின் கடைசி.

மதுரையில் பராக்கிரம பாண்டியன். அவனைக் குலசேகர பாண்டியன் முற்றுகை போடுறான். உள்ளே இருக்கிறவன் இலங்கை அரசன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்கிறான். உதவி வருவதற்குள் ஆளையே கொன்னாச்சு. இருந்தாலும் படை கிளம்பி வந்தது, தளபதி பேர் இலங்காபுரன். ராமேஸ்வரத்தைப் பிடிச்சு, குந்துகாலில் கோட்டை கட்டி, தன் ராஜா பேரையே அதுக்கு வைக்கிறான். (1897ல் விவேகானந்தர் வந்து இறங்கினாரே, அதே குந்துகால்.) அங்கிருந்து ஊர் ஊராகப் பிடிச்சுக்கிட்டே மேலே வர்றான். செத்துப்போன பாண்டியனின் மகன் வீரபாண்டியனுக்கு மதுரையில் முடி சூட்டுறாங்க. குலசேகரன் ஓடிப்போய் நின்ன இடம் சோழநாடு.

இதை நமக்கு விலாவாரியா சொல்வது சூளவம்சம்னு ஒரு பாலி நூல். அரசரைப் புகழ எழுதினது, அதனால் எண்ணிக்கை, வீரம் எல்லாத்தையும் பாதியாக் குறைச்சுத்தான் படிக்கணும். ஆனால் மணமேல்குடியையும் மஞ்சக்குடியையும் கொளுத்தினோம்னு அதுவே பெருமையா சொல்லுது. சரி, எதிரி எழுதினதுன்னு ஒதுக்கிடலாமா? அதுவும் முடியாது. காஞ்சிபுரம் பக்கம் ஆர்ப்பாக்கத்தில் இரண்டாம் ராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. தொண்டி, பாசி பக்கம் இலங்கைப் படை ஜெயிச்ச சேதி கேட்டு எதிரிலிசோழ சம்புவராயன் பயந்துபோய் உமாபதிதேவர் என்கிற சிவாச்சாரியாரிடம் ஓடியிருக்கான். அவர் 28 நாள் பூஜை செஞ்சார். எதிரி தோத்து ஓடினதா சேதி வந்ததும், ஆர்ப்பாக்கம் ஊரையே அவருக்குத் தானமாகக் கொடுத்துட்டான். எங்கேயோ இருக்கிற காஞ்சிபுரத்துக்காரனுக்கே தூக்கம் போயிருக்குன்னா, மணமேல்குடிக்காரன் கதி என்ன?

எனக்கு உறுத்தின விஷயம் இதுதான். 'பொன்னியின் செல்வன்' படிச்சு வளர்ந்த நமக்கு கடல் ஒருவழிப் பாதை. கப்பல் எப்பவும் இங்கிருந்து அங்கே போகும், புலிக்கொடி பறக்கும், அவ்வளவுதான். 993 வாக்கில் ராஜராஜன் படை போனது தெரியும். 1017ல் அஞ்சாம் மகிந்தனைப் பிடிச்சு வந்தது தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து வந்து இந்தக் கரையைக் கொளுத்தினதை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படிச்சதா ஞாபகம் இல்லை. மணமேல்குடி டீக்கடையில் இதைப் பத்திப் பேச்சு கொடுத்தேன். கடைக்காரர், "இலங்கைக்காரன் இங்க வந்தானா? அது எப்ப தம்பி?" என்று திருப்பிக் கேட்டார். அவரைச் சொல்லிக் குத்தமில்லை.

அப்புறம் என்ன ஆச்சு? சோழர் பக்கம் பெருமானம்பி பல்லவராயர் கிளம்பினார். இலங்காபுரனையும் மத்த தளபதிகளையும் கொன்னு, தலைகளை மதுரைக் கோட்டை வாசலில் ஆணி அடிச்சு வைச்சதா பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்லுது. சூளவம்சமோ வெற்றியோடவே கதையை நிறுத்திக்குது. தலை போன சமாச்சாரம் அதில் கிடையாது!

அடுத்த கூத்து இதைவிட ஜோர். சோழர் தயவில் பட்டத்துக்கு வந்த குலசேகரன் பராக்கிரமபாகுவோடயே சேர்ந்துக்கிட்டான். உடனே சோழர் யாரைக் கொண்டுவந்து உட்கார வைச்சாங்க தெரியுமா? இலங்கைக்காரன் முடிசூட்டின அதே வீரபாண்டியனை! நம்ம ஊர்க் கூட்டணி அரசியல் ஒண்ணும் புதுசில்லை.

1178 வாக்கில் பராக்கிரமபாகு மறுபடி படையெடுக்க ஊராத்துறை, மாதோட்டம் மாதிரி துறைகளில் கப்பல் கட்டினான். அவனோட மருமகன் சீவல்லபனைத் துணைக்கு வைச்சுக்கிட்டு சோழப்படை அங்கே போய் ஊர்களை அழிச்சு, யானைகளைப் பிடிச்சு வந்ததா திருவாலங்காட்டுக் கல்வெட்டு சொல்லுது. அந்த மாதோட்டம் வேற எங்கேயும் இல்லை, நம்ம திருக்கேதீச்சரம் இருக்கிற ஊர்தான். இந்தக் கரை எரிந்ததுக்கு அந்தக் கரை எரிந்தது. அங்கேயும் மீன் பிடிச்சு, உப்பு வித்து, சிவனைக் கும்பிட்ட ஜனம்தான்.

இன்னொரு சேதி சூளவம்சத்தில் ரெண்டு வரியில் போயிடுது. போரில் பிடிபட்ட தமிழர்களைக் கப்பலேத்தி அனுராதபுரம் கொண்டுபோய், முன்னால் தமிழர் இடிச்ச ருவன்வெலி தூபியைச் செப்பனிடுற வேலையில் போட்டாங்களாம். அந்தத் தூபி இன்னிக்கும் நிக்குது.